கடல் ஒன்று, கரை இரண்டு

கடற்கரையிலே ஒரு வீடு அமைத்துக்கொண்டு, காலையிற் கண் விழிக்கும்போதே அலையோசையைக் கேட்டு வாழ வேண்டும் என்னும் ஆசை மனிதருட் பலருக்கு உண்டு. இளமையில் எழும் அவ்வாசை பெரும்பாலும் கனவாகவே கழிந்துவிடும். முதுமையில் எழுந்தாலோ, அது காணி உறுதியாகவும் காசோலையாகவும் உருக்கொண்டு நம் முன்னே வந்து நிற்கும். எமது குடும்பத்திலும் அது அவ்வாறே வந்து நின்றது.

எம்மிலும் பதினைந்து வயது மூத்தவரான எமது தமையனார் 1984 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டவர். நாற்பது ஆண்டுகள் அங்கு உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வு பெற்றபின் எமக்கு ஒரு கடிதம் வரைந்தார். "தம்பி, இனி இருக்கிற காலத்தை எங்கட கடலுக்குப் பக்கத்திலை கழிக்க வேணும் போலை கிடக்குது. வல்வெட்டித்துறையோ பருத்தித்துறையோ, நீ பாத்து ஒரு காணி எடு. அண்ணிக்கும் சம்மதந்தான்" என்பதே கடிதத்தின் சாரம். அவர் ஒதுக்கியிருந்த பணம் வாழ்நாட் சேமிப்பின் பெரும்பகுதி. அண்ணியாரோ இருதய நோய்க்கு நாள்தோறும் மருந்து உண்பவர். எமது தெரிவு பிழைத்தால், அப்பிழையை மறுமுறை திருத்திக்கொள்ள அவர்களிடம் பணமும் இராது, காலமும் இராது. இதனை எண்ணியபோது, பரீட்சை எழுதப்போகும் மாணவனைப் போல எமக்கும் நெஞ்சு படபடத்தது.

முதலில் இது எளிய காரியம் என்றே தோன்றியது. இரண்டு ஊர்களும் வடமராட்சியின் வடகரையில் உள்ளவை. இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஐந்து மைல். இரண்டுக்கும் தனித்தனியே நகரசபை உண்டு. இரண்டின் முன்னும் விரிவது ஒரே பாக்கு நீரிணை. எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று எண்ணினோம். ஆறு மாத காலம் அலைந்தபின் அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பது புலனாயிற்று. வீடு தேடும் குடும்பங்களுக்கும், தம் மண்ணின் இயல்பை அறிய விழையும் மாணவருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, அவ்வனுபவத்தை இங்கு எடுத்துரைக்கிறோம்.

இரு ஊர்களின் இயல்பு

பருத்தித்துறை, பெயர் சொல்வது போலவே, பருத்தி ஏற்றிய துறை. போர்த்துக்கேயர் அதனைக் 'கல்முனை' என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அதுவே ஆங்கிலேயர் நாவில் 'பொயின்ற் பீற்றோ' ஆயிற்று. அப்பெயருக்கு ஏற்ப, கரை நெடுகிலும் கல். 1916 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட வெளிச்சவீடு முனையிலே இன்றும் நிற்கிறது. சந்தை, பஸ் நிலையம், நீதிமன்றம், புகழ்பெற்ற ஹாட்லிக் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் பாடசாலை ஆகிய யாவும் அவ்வூரில் உண்டு. வடமராட்சி மக்களின் உயிர்காக்கும் மந்திகை ஆதார வைத்தியசாலையும் அண்மையிலேயே அமைந்துள்ளது. வெளிநாட்டுப் பயணப் பெட்டிகளில் இடம்பிடிக்கும் பருத்தித்துறை வடையைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை.

வல்வெட்டித்துறையின் பெருமை வேறு வகையானது. அது கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. சித்திரா பௌர்ணமியன்று முத்துமாரியம்மன் ஆலயத்தில் நடைபெறும் இந்திர விழாவுக்கும், தைப்பொங்கலன்று வானை நிறைக்கும் பட்டத் திருவிழாவுக்கும் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஊரவர் திரும்பி வருகின்றனர். பலாலி விமான நிலையத்துக்கும் அதுவே அண்மையது.

எமது தாயார் பிறந்த ஊர் வல்வெட்டித்துறை. தமையனாரின் உள்ளம் அங்கேதான் கிடந்தது. எமது எண்ணமோ, அண்ணியாரின் நோயையும் மந்திகை வைத்தியசாலையையும் முன்னிட்டு, பருத்தித்துறையையே நாடிற்று. ஆகவே முதலில் அங்கே சென்றோம்.

கிணறு கற்பித்த பாடம்

ஆவணி மாதத்து ஒரு காலைப்பொழுது. தரகர் ஒருவர் காட்டிய காணி நான்கு பரப்பு. பழைய வீடு ஒன்றும் உண்டு. விறாந்தையில் நின்றால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் நீலமாக விரிந்தது. களைப்புத் தீர என்று அவர் செம்பிலே தண்ணீர் தந்தார். இளநீர் போல் இருந்தது. முற்பணம் கொடுக்கலாம் என்றே தீர்மானித்துவிட்டோம்.

வெளியே வந்தபோது, மதிலோரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை அழைத்தார். "மாஸ்டர், கடலைப் பாத்துக் காணி எடாதேங்கோ, கிணத்தைப் பாத்து எடுங்கோ. நீங்கள் குடிச்சது இந்தக் கிணத்துத் தண்ணியில்லை" என்றார். திரும்பிச் சென்று, நாமே வாளியை இறக்கி அள்ளி வாயில் வைத்தோம். சவர்த் தண்ணீர், விழுங்க முடியவில்லை. தரகர் எம் முகத்தைப் பாராது தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முதியவர் ஒரு வாக்கியத்திற் சொன்ன உண்மையைப் பூமிசாத்திரம் விரிவாக விளக்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். இங்கே வற்றாத ஆறுகள் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உவர்நீர் பாரம் கூடியது என்பதே அது மிதப்பதற்குக் காரணம். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் வகுத்த கணக்கு. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயந்திரம் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கிற் கீழிருந்து உவர் நாற்பது அடி மேலேறி வரும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வியல்புக்கு எல்லோரும் அறிந்த சான்று.

கரையை நெருங்க நெருங்க நன்னீர்ப் படை மெலிந்துகொண்டே போகிறது. ஆகையினாற் கடலோரக் காணி பார்ப்பவர் மாரி முடிந்த தை மாதத்திற் கிணற்றைப் பார்த்து மயங்கலாகாது. ஆவணி, புரட்டாதியில், மழை காணாது பல மாதம் கழிந்த வேளையில், தம் கையாலே அள்ளிச் சுவைத்துப் பார்க்க வேண்டும். மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் அளக்க வேண்டும். அயலவரின் மலக்குழியையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்; வெடிப்புள்ள கல்லிலே அழுக்கு வேலியை மதித்து நிற்பதில்லை.

அன்று முதல் நாம் எந்தக் காணிக்குச் சென்றாலும் கடலை இரண்டாவதாகவே பார்த்தோம்.

வாடையும் சோளகமும்

இவ்விரு ஊர்களிலும் கடல் வடக்கே இருக்கிறது. கடலைப் பார்த்த விறாந்தைக்கு ஆண்டின் பெரும்பகுதியில் நேர்வெயில் இல்லை. சித்திரை முதல் ஆவணி வரையே கதிரவன் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் கரையோரக் கடல் குளம் போல் அடங்கியிருக்கும். அந்நாட்களிற் காணி பார்ப்பவன் கடலின் மெல்லிய முகத்தை மாத்திரமே காண்கிறான்.

கார்த்திகையில் வாடை எழும்பும்போது நிலைமை மாறுகிறது. காற்றும் மழையும் உப்புத் துளியும் நேரே முகப்பில் அறைகின்றன. கதவுப் பிணைச்சல், யன்னற் கம்பி, மின்விசிறி ஆகிய எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. சீமெந்துக்குள் உள்ள கம்பியும் துருப்பிடித்துப் பருத்துக் கூரைத் தட்டைப் பிளந்துவிடும். கடல் மணலைக் கலந்து கட்டிய வீட்டில் இந்நோய் விரைவிலே தோன்றும். சுண்ணாம்புச் சாந்தும் பனைமரச் சலாகையும் கொண்டு எம் முன்னோர் கட்டிய வீடுகள் நெடுங்காலம் நின்றமைக்குக் காரணம் இப்போது விளங்குகிறது. துருப்பிடிக்க அவற்றில் இரும்பு மிகக் குறைவு.

அன்றாட அழிவு இது. பேரழிவுகளையும் மறத்தலாகாது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ச் சூறாவளி மன்னாரையும் வட இலங்கைக் கரைகளையும் தாக்கியது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, கிழக்கு நோக்கிய வடமராட்சி கிழக்குக் கிராமங்களைப் பெரும் அழிவுக்கு உள்ளாக்கியது. வடக்கு நோக்கிய கரையும் முற்றாகத் தப்பவில்லை. காணி பார்க்கும்போது அயலிலுள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அண்டைக்குத் தண்ணி எவ்வளவு தூரம் வந்தது?" அவர்கள் கை நீட்டிக் காட்டும் இடத்துக்கு அப்பால் வீடு அமைந்தால் நல்லது.

உறுதியின் உள்ளே

இரண்டாவதாக நாம் கண்ட காணியும் பருத்தித்துறைப் பக்கத்ததே. கிணறு நன்று, நிலம் மேடு, விலையும் பொருந்தியது. நொத்தாரிசு நண்பர் ஒருவர் காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, தலையை அசைத்தார். விற்க வந்தவருக்கு உரியது நான்கில் ஒரு பங்கே. ஏனைய மூன்று பங்கினரும் மூன்று நாடுகளில் இருந்தனர்.

யாழ்ப்பாணத்துக் காணி விடயத்தில் தேசவழமையை அறியாது அடியெடுத்து வைத்தல் ஆபத்து. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என அது சொத்தை மூவகையாகப் பிரிக்கிறது. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காது முடித்த விற்பனை பின்னர் வழக்கிலே முடியக்கூடும்.

போர் இன்னுமொரு சிக்கலை விட்டுச் சென்றுள்ளது. உரிமையாளர் இடம்பெயர்ந்த காணியிற் பிறர் நீண்டகாலம் குடியிருந்து, ஆட்சியால் உரிமை கோருவது உண்டு. போர்ச் சூழலால் தம் காணியை அணுக இயலாது போனவர்களைக் காக்கும் பொருட்டு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரையான காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்தது. ஆகவே வெறும் வளவு என்று கண்ட காணிக்கும் எங்கோ ஓர் உரிமையாளர் இருப்பார் என்றே கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்காக வாங்குவோர் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. தமையனார் இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தமையால் எமக்கு அத்தடை இருக்கவில்லை. மேலும், 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடல்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை உள்ள பகுதி கரையோர வலயம் ஆகும். அதனுள்ளே வீடு கட்டுவதற்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "எல்லாரும் கட்டியிருக்கினம்தானே" என்னும் தரகரின் சொல் அனுமதிப்பத்திரம் ஆகிவிடாது.

கரை யாருக்கு உரியது?

மூன்றாவது காணி வல்வெட்டித்துறையில், அலை வந்து தொடும் இடத்தில் இருந்தது. உறுதியிற் குறையில்லை. ஆயின் அதன் ஓரமாக ஒரு மணற்பாதை சென்றது. நாம் நின்ற வேளையிலேயே மீனவர் இருவர் இயந்திரத்தைத் தோளிற் சுமந்து அவ்வழியே கரைக்குச் சென்றனர். பின்னால் ஒரு பெண் கூடையுடன் வந்தார். விற்பவர் தாழ்ந்த குரலில், "நீங்கள் மதிலைக் கட்டினா அந்தப் பாதை இல்லாமப் போயிடும்" என்றார். காணியின் சிறப்பாகவே அதனை அவர் கூறினார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. கடற்கரை அரசின் உடைமை. மக்கள் அனைவருக்கும் பொதுவானது. அதற்குச் செல்லும் வழியோ தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்வோரின் காலடியால் உண்டானது. நாற்பது ஆண்டுகள் அயல்நாட்டில் இருந்துவிட்டு வந்து, முதல் வேலையாக ஒருவர் சோற்றுக்குச் செல்லும் வழியை மறிப்பதா? சட்டம் இடம் கொடுத்தாலும் ஊர் மறவாது. அக்காணியை நாம் விட்டுவிட்டோம். கடல் சிலருக்குக் காட்சி, பலருக்குப் பிழைப்பு. காட்சிக்காக வருபவன் பிழைப்புக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பது எமது துணிபு.

கூப்பிடு தூரம்

கார்த்திகையிலே தமையனாரும் அண்ணியாரும் நேரில் வந்தனர். வாங்குமுன் இரு ஊர்களிலும் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று நாமே வேண்டிக்கொண்டோம். ஊரை அறிய வேண்டுமானால் வாடைக் காலத்தில் வாழ்ந்து பார்க்க வேண்டும். பருத்தித்துறையில் மூன்று கிழமை, வல்வெட்டித்துறையில் மூன்று கிழமை இருந்தனர்.

பருத்தித்துறையில் வசதிக்குக் குறைவேயில்லை. சந்தை அருகில், மருந்துக்கடை அருகில். எமது கணக்குச் சரியென்றே மகிழ்ந்திருந்தோம். வல்வெட்டித்துறையில் இருந்தபோது ஒரு நள்ளிரவு, காற்றும் மழையும் மிகுந்து மின்சாரமும் நின்றுவிட்ட வேளையில், அண்ணியாருக்கு மூச்சுத் திணறியது. தமையனார் யன்னலைத் திறந்து ஒருமுறை குரல் கொடுத்தார். அடுத்த வளவில் இருந்த எமது பெரியம்மாவின் பேத்தி விளக்கோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டுப் பிள்ளை ஓட்டோவை வாசலுக்குக் கொண்டு வந்தான். இருபது நிமிடத்துக்குள் மந்திகை வைத்தியசாலையின் கட்டிலில் அண்ணியார் படுத்திருந்தார். செய்தி கேட்டு நாம் போய்ச் சேர்ந்தபோது, கட்டிலைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து பேர் நின்றனர்.

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பிய அண்ணியார் எம்மைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீங்கள் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் எண்டு அளந்தியள். அது பிழையில்லை. ஆனா ராவிலை கூப்பிட்டா ஆர் வருவினம் எண்டு அளக்கேல்லை."

எமது கணக்கில் விடுபட்டுப்போன இலக்கம் அது. மைலையும் மீற்றரையும் அளந்த நாம், எம் முன்னோர் அளந்த அளவையை மறந்துவிட்டோம். 'கூப்பிடு தூரம்' என்பது அவர்கள் வழங்கிய அளவு. ஒருவர் குரல் மற்றவர் செவியில் விழும் எல்லையை அது குறிக்கும். குரலைக் கேட்டு எழுந்து வரும் மனம் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் அதே சொல் கேட்கிறது. அத்தகைய மனம் பருத்தித்துறையில் இல்லையென்று நாம் கூறவில்லை. அங்கே இனத்தவர் உள்ளோர்க்கு அவ்வூரே சாலச் சிறந்தது. எம்மவரின் குரலை அறிந்த செவிகளோ வல்வெட்டித்துறையில் இருந்தன.

தை பிறந்தபின், அவ்வூரிலே கடற்கரையினின்றும் மூன்று ஒழுங்கை உள்ளே, பெரியம்மாவின் பேத்தி வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு வீடு எழுதப்பட்டது. கிணறு நல்ல தண்ணீர். அயலவர் அனைவரும் அதைச் சொல்லி உறுதி செய்தனர். பங்காளர் இருவரும் முறைப்படி ஒப்பமிட்டனர். விறாந்தையில் இருந்தாற் கடல் தெரியாது. மாடிக்கு ஏறினால், பனைகளுக்கிடையே ஒரு கோடு போலத் தெரியும். தமையனார் முதலில் சற்று மனம் வாடினார். இப்போது மாலைதோறும் கடற்கரைக்கு நடந்து செல்கிறார். போகும் வழியில் நான்கு வீட்டார் அவரை மறித்துப் பேசுகின்றனர். கடலுக்குச் சென்று சேர அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று அண்ணியார் முறையிடுகிறார்.

கரையோரத்தில் வீடு தேடும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. அயலூர்கள் இரண்டின் முன்னே உள்ள கடல் ஒன்றேயாம். அதனைப் பார்த்துத் தெரிவு செய்ய இயலாது. கடலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் இருப்பவற்றைப் பாருங்கள். கோடையிற் கிணற்றைப் பாருங்கள். பதிவகத்தில் உறுதியைப் பாருங்கள். மாரியிற் காற்றைப் பாருங்கள். இவையெல்லாம் தேறியபின், ஓர் இரவு யன்னலைத் திறந்து குரல் கொடுத்தால் எத்தனை விளக்குகள் எரியும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.